நாவலூத்துக்கு மேற்கே ஒரு கல்

அந்த மூணுகால் கம்பை இப்படிச் சாச்சு வச்சுக்கங்க சார். அடுத்த வளைவுல பஸ்ஸு திரும்புறப்ப அது நேரா என் நெத்தியிலதான் வந்து விழும். ஆங், அப்படித்தான். இந்த டிரைவரு நல்ல பையன்தான், மலை ஏறுறப்ப மட்டும் அவனுக்கு ரோடு கண்ணுக்குத் தெரியாது.

சர்வேயா? அதான பாத்தேன். எந்த ஊருக்குப் போறீக? வேலங்கரடா? அட, எங்க ஊருதான். எங்க ஊர்ல அளக்குறதுக்கு என்ன சார் இருக்கு? பாறையும் கத்தாழையும்தான் கெடக்கு.

எல்லைக்கல்லையா?

சார், தண்ணி வச்சிருக்கீகளா? ஒரு வாய் குடுங்க. ஒண்ணுமில்ல, மலை ஏறுனா எனக்கு இப்படித்தான் நெஞ்சு படபடன்னு அடிக்கும். மலையில பொறந்து மலையிலயே வாக்கப்பட்டவளுக்கு மலை ஏறுனா படபடக்குமான்னு கேக்காதீக. சரி, உங்ககிட்ட எதுக்குப் பொய்யி? பயந்துட்டேன்.

நாவலூத்துக்கு மேக்க ஒரு கல்லு நிக்கும். தலப்பாறையில இருந்து இறங்குனா முதக் கல்லு அதான். அதையுமா அளப்பீக? சார், அதை மட்டும் விட்டுருங்க. மத்த கல்லையெல்லாம் நல்லா அளங்க, வேணும்னா ரெண்டு தரம் அளங்க. அந்த ஒத்தக் கல்லை மட்டும் இந்த மாசம் தொடாதீக. என் மகளுக்கு இது மாசம். டவுன்ல அவ மாமியா வீட்டுல இருக்கா. பாத்துட்டுத்தான் வாரேன். வயிறு கீழ இறங்கிருச்சு, இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கா.

தலப்பிரசவத்துக்கு மகளைத் தாய் வீட்டுக்குத்தான கூட்டியாரணும்? நாந்தான் கூட்டியாரல. ஊர்ல என்னை என்னென்னமோ பேசுறாளுக. மகளுக்குப் பத்தியம் பொங்கிப் போடச் சோம்பேறித்தனம்னு ஒருத்தி சொல்றா. பேசிட்டுப் போகட்டும். அந்தக் கல்லு நிக்கிற ஊருக்கு வயித்துப் புள்ளையோட அவளைக் கூட்டியார எனக்குத் தைரியம் இல்ல சார், அம்புட்டுத்தான்.

கல்லுக்கும் புள்ளைக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறீக. கேக்கத்தான் செய்வீக. நம்ம இறங்குற விலக்கு, ஊருக்குப் பாதை பிரியுற எடம், வர இன்னும் நேரம் கெடக்கு, சொல்றேன். சொன்னப்புறம் நீங்களே அதைத் தொட மாட்டீக.

ஜில்லாவை ரெண்டாப் பிரிச்ச வருசம் அது. என் மக பவுனு அப்பக் கைப்புள்ள. ஜீப்புல ஆபீசருக வந்தாக. மந்தையில மேசை போட்டுப் படத்தை விரிச்சு, காத்துல பறக்காம நாலு மூலைக்கும் கல்லு வச்சுக்கிட்டுப் பாத்தாக. எங்க வேலங்கரடு கிழக்க. மூங்கிலோடை மேக்க. மூங்கிலோடை புது ஜில்லாவுக்குப் போகுது, நாங்க பழைய ஜில்லாவுலயே இருக்கோம். ரெண்டு ஊருக்கும் எல்லை எதுவோ, அதான் ரெண்டு ஜில்லாவுக்கும் எல்லைன்னுட்டாக. சரி, ஊரு எல்லை எது? அதான் ஒருத்தருக்கும் தெரியல. வெள்ளைக்காரன் நட்ட கல்லுல பாதி வெள்ளத்துல உருண்டு போச்சு, மீதியை அம்மி கொத்தத் தூக்கிட்டுப் போயிட்டாக. படத்துல ஒரு கோடு மட்டும் இருந்துச்சு. அந்த ஆபீசரு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, இந்தக் கோட்டுத் தடிமனுக்குள்ளயே உங்க ஊத்து மூழ்கிரும்னு. அவருக்குச் சிரிப்பு. எங்களுக்கு அந்த ஊத்துதான் பொழப்பே.

நாவ மரத்தடியில ஊறுற தண்ணி சார் அது. எப்பேர்ப்பட்ட கோடையிலயும் வத்துனதில்ல. அதுவரைக்கும் ரெண்டு ஊருந்தான் மொண்டுச்சு. சண்டை போட்டுக்கிட்டு மொண்டுச்சு, கொடத்தைத் தூக்கி அடிச்சுக்கிட்டு மொண்டுச்சு, ஆனா மொண்டுச்சு. இனிமே கோடு ஊத்துக்குக் கிழக்க விழுந்தா தண்ணி வேற ஜில்லா. ஒரு கொடம் தண்ணிக்கு அடுத்த ஜில்லாக் கலெக்டருக்கு மனுக் குடுக்கணும்னு எங்க ஆளுக பேசிக்கிட்டாக. மேக்க விழுந்தா மூங்கிலோடைக்காரனுக்கு அதே கதி.

ஆபீசரு, "நீங்களே பேசி முடிச்சு ஒரு கோட்டைக் காட்டுங்க, தை பொறந்ததும் வந்து கல்லு நட்டுர்றோம்"னு சொல்லிட்டு ஜீப்புல ஏறிட்டாரு. நல்ல மனுசன். நல்லதா நெனச்சுத்தான் சொன்னாரு. அந்த ஒரு வார்த்தைதான் என் வீட்டு வாசல்ல வந்து உக்காந்துச்சு.

பேசி எங்க முடியும்? வாய் முத்திக் கை ஓங்கி, ஒருத்தன் மண்டை உடைஞ்சு, அப்புறம்தான் எங்க ஊருப் பெரிய வீட்டு நாகப்பன் மாமா எந்திரிச்சாரு. மண்ணுச் சுமந்து நடக்குறதுதான் ஒரே வழின்னாரு.

கேள்விப்பட்டிருக்க மாட்டீக. எங்க பக்கத்துப் பழைய வழக்கம். எந்த எடத்துக்குச் சண்டையோ அந்த எடத்து மண்ணை ஒரு புதுப் பானையில அள்ளி, குளிச்சு ஈரத்துணியோட ஒருத்தன் தலையில தூக்கணும். பேசக் கூடாது, திரும்பிப் பாக்கக் கூடாது. எனக்குத் தெரிஞ்ச எல்லை இதான்னு மனசுல சத்தியம் பண்ணிக்கிட்டு நடக்கணும். அவன் கால் பட்ட எடம்தான் எல்லை. அதுக்கப்புறம் ஒரு கெடு. நாங்க வச்ச கெடு, தைப் பொங்கப் பானை பொங்குற வரைக்கும். அதுக்குள்ள அவன் வீட்டுல ஒரு சாவு விழக் கூடாது. மாடு கன்னு கூடச் சாகக் கூடாது. நோவுல படுத்த ஆளை வாசல் தாண்டித் தூக்கிட்டுப் போகக் கூடாது. அப்படி ஏதாவது ஆச்சுன்னா அவன் நடந்தது பொய்யி. உடனே மத்த ஊரு ஆளு பானையைத் தூக்கி நடப்பான், அவன் கால் பட்டது எல்லை. அவனுக்கும் அதே கெடு.

இன்னொண்ணு இருக்கு. மண்ணுச் சுமக்குறவன் வீட்டுல தொட்டில் தொங்கணும். தொட்டில் இல்லாதவன் சத்தியத்துக்கு மதிப்பில்ல. இழக்குறதுக்கு ஒண்ணும் இல்லாதவன் எங்க வேணா நடப்பானாம்.

எங்க ஊர்ல அந்த வருசம் ஒரே ஒரு தொட்டில்தான் ஆடுச்சு.

எல்லா வீட்டு ஆம்பளைகளும் சேந்து எங்க வீட்டைத் திரும்பிப் பாத்தாக சார். கல்யாணமாகி வருசக்கணக்கா இல்லாம, ஏறாத கோயில் இல்ல, கட்டாத தொட்டில் இல்ல, அதுக்கப்புறம் பொறந்தவ பவுனு. அந்தப் புள்ள மேல ஒரு ஊரே கை வச்சுச்சு. மூங்கிலோடையில தொட்டில் ஆடுன வீடு சடையாண்டி வீடு. யாரு முதல்ல நடக்குறதுன்னு சாமி முன்னாடி பூக்கட்டிப் பாத்தாக. எங்க ஊருப் பூதான் வந்துச்சு. எங்க வீட்டுக்காரரு தவசி. வாயில்லாப் பூச்சி. வேணாம்னு சொல்லத் தெரியாத மனுசன்.

நடந்தாரு. ஆடி மாசம், தலப்பாறையில இருந்து எல்லைப் புளிய மரம் வரைக்கும். பொம்பளைக பக்கத்துல வரக் கூடாது, மேல மாட்டுப்பட்டிக் கிட்ட நின்னுக்கிட்டுப் பாத்தோம். முன்னாடி இவரு, பானையோட. இவரு முதுகை ஒட்டிச் சாட்சிக்குச் சடையாண்டி. அவனுக்குப் பின்னாடி ரெண்டு ஊரும். ஊத்துக்கு மேல ஒரு ரெட்டைக் கல்லு இருக்கும். அதுவரைக்கும் நேரா போனாரு. அங்க போயி நின்னாரு. பானை லேசா ஆடுச்சு. அப்புறம் போனாரு.

எப்படிப் போனாருன்னா? போனாரு சார். அவருக்குத் தெரிஞ்ச வழியில போனாரு. ஊத்து எங்க பக்கம் விழுந்துச்சு. சாமி பாத்துக்கிட்டுத்தான இருந்துச்சு?

ஆனா அந்தச் சடையாண்டி இருக்கானே, அந்த ரெட்டைக் கல்லுக்கிட்ட வாயைத் தொறந்தான். நான் கண்ணால பாத்தேன். தொறந்து, மூடிக்கிட்டான். அந்த எடத்துலயே கோணல்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பானை அங்கயே கை மாறி அவன் தலைக்குப் போயிருக்கும். அதான் வழக்கம். ஏன் சொல்லல? திட்டம் சார். பின்னாடி வச்சுச் செய்யலாம்னு திட்டம்.

மறுநாள் விடிஞ்சு கதவைத் தொறக்குறேன், எங்க வீட்டுக்கு எதுத்தாப்புல புங்க மரத்தடியில உக்காந்திருக்கான். கெடுதல் வருதான்னு பாக்க அவுக ஊரு வச்ச காவலு. தூக்குவாளியில கஞ்சி கொண்டாந்து வச்சுக்கிட்டு இருட்டுற வரைக்கும் இருப்பான். காலையில முதக் கேள்வியே, "புள்ள நல்லாருக்கா?" எனக்கு எப்படி இருந்திருக்கும்? எம்புள்ள சாகுறதுக்குக் காத்துக்கிட்டு ஒருத்தன் எம் வாசல்லயே உக்காந்து, புள்ள நல்லாருக்கான்னு கேக்குறான். நான் பதிலே சொல்ல மாட்டேன். மொளகாயும் உப்பும் சுத்தி அவன் கண்ணு முன்னாடியே அடுப்புல போடுவேன். தொட்டிலுக்கு முன்னாடி கறுப்புத் துணியைத் தொங்க விட்டேன். அவன் பார்வை துணியைத் தாண்டி வருதோன்னு புள்ளையைத் தூக்கி அடுக்களைக்குள்ள வச்சுக்கிட்டேன். புகையில அது இருமும். இருமுற சத்தம் அவனுக்குக் கேட்டுருமோன்னு வாயைப் பொத்துவேன்.

எங்க வீட்டுக்காரரா? அவரு அவருக்குள்ள போயிட்டாரு. சோறு இறங்கல. எந்நேரமும் வலது காலைக் கழுவிக்கிட்டே இருப்பாரு. காட்டுக்குப் போயிட்டு வந்தா கழுவுவாரு, சும்மா உக்காந்திருந்தாலும் எந்திரிச்சுப் போயிக் கழுவுவாரு. என்னய்யா காலுலன்னு கேட்டேன். கல்லு குத்துச்சுன்னாரு. புரட்டிப் பாத்தேன், ஒரு கீறல் கிடையாது.

ஐப்பசி மழையில ஒரு நாள் எங்க மாடு கயித்தை அத்துக்கிட்டுப் பக்கத்துச் சோளக்காட்டுக்குள்ள எறங்கிருச்சு. முழங்கால் ஒசரம் இளஞ்சோளம். இந்தச் சடையாண்டி புங்க மரத்தடியில இருந்து எந்திரிச்சு ஓடுறான் சார், கையில கம்போட. ஓடி மாட்டை அடிக்கிறான் பாருங்க, அப்படி அடிச்சு வெரட்டுறான். மாடு காட்டை விட்டு வெளிய வந்து விழுந்து எந்திரிச்சுச்சு. நான் மண்ணை வாரித் தூத்துனேன். ஒரு வாயில்லாச் சீவனை அடிச்சே கொன்னு எல்லையைப் புடிக்கப் பாக்குறியாடான்னு கேட்டேன். இளஞ்சோளம் தின்னா மாடு வயிறு ஊதிச் செத்துப் போகும், அது எனக்குத் தெரியாதா? ஒரு வாய் கூடத் தின்னிருக்காது. அதுக்குள்ள எதுக்கு அந்த அடி? அவன் கம்பைக் கீழ போட்டுட்டு, மூச்சு வாங்கிக்கிட்டே, "தின்னுச்சா, தின்னுச்சா"ன்னு என்னையே கேக்குறான். பாத்தீகளா, எம்புட்டு ஆசைன்னு.

என்ன சார் பாக்குறீக? நான் சொல்றதைக் கேளுங்க, இன்னும் இருக்கு.

மார்கழி பொறந்துச்சு. இன்னும் கொஞ்ச நாளுதான், பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கடத்திருவோம்னு இருந்தேன். பனியில புள்ளைக்குச் சளி கட்டிக்கிருச்சு. உடம்பு அடுப்பாக் கொதிக்குது. மூச்சு இழுக்குறப்ப நெஞ்சுக்கூடு உள்ள போயி உள்ள போயி வருது. பாலு குடிக்க மாட்டேங்குது. அழக்கூட மாட்டேங்குது சார். அழாத புள்ளையை மடியில வச்சுக்கிட்டு இருக்குறது மாதிரி ஒரு பயம் எதுலயும் இல்ல. அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்னேன். நாகப்பன் மாமாவும் இன்னும் நாலு பேரும் வாசல்ல வந்து நின்னுட்டாக. "தாயி, நோவுப் புள்ளையை வாசல் தாண்டுனா ஊத்து போச்சு. ஒரு ஊரே தண்ணியில்லாமச் சாகும். மாந்தமாத்தான் இருக்கும், கசாயம் குடு"ன்னாக. அவுகளும் கெட்டவுக இல்ல. எல்லாருக்கும் பயம். எங்க வீட்டுக்காரரைப் பாக்குறேன். அவரு கொல்லையில காலைக் கழுவிக்கிட்டு இருக்காரு.

வெளிய மூங்கிலோடைக்காரன் காவலு. உள்ள எங்க ஊருக்காரக காவலு. நடுவுல நானும் புள்ளையும்.

மறுநாள் காலையில, மாமா ஆளுக பல்லு விளக்கப் போன நேரம், புல்லுக்கூடையில பழைய சேலையை மெத்தையாப் போட்டுப் புள்ளையைப் படுக்க வச்சேன். மேல ஒரு மெல்லிசுத் துணி. ஓரத்துல ரெண்டு கைப்பிடி புல்லு. புல்லறுக்கப் போறவ மாதிரி கூடையைத் தலையில வச்சுக்கிட்டு நடந்தேன். கால் தரையில பாவல. புள்ள முனகுனா மாட்டிக்கிருவேனேன்னு பயம். முனகலைன்னா உசுரு இருக்கான்னு பயம். நாவ மரத்தைத் தாண்டி ஒத்தையடிப் பாதையில எறங்குறேன், பின்னால காலடிச் சத்தம். அவன்தான்.

ஓடுனேன். கூடையைப் புடிச்சுக்கிட்டு எம்புட்டு ஓட முடியும்? வழி மறிச்சு நின்னான். துணியை வெலக்கிப் பாத்தான். அவன் மூஞ்சி வெளிறிப் போச்சு. எல்லாம் முடிஞ்சதுன்னு நெனச்சேன். கூவப் போறான், நோவுப் புள்ள வாசல் தாண்டிருச்சுன்னு மலைக்கே கேக்குற மாதிரி கூவப் போறான்னு நின்னேன். அவன் கூவல. எங்கிட்ட இருந்து கூடையைப் புடுங்கித் தன் தலையில வச்சுக்கிட்டு ஓட ஆரம்பிச்சான்.

பக்கத்துல கெடங்கு சார், பாதாளப் பள்ளம். கெடங்குல வீசப் போறான்னே நெனச்சேன். அய்யோ அய்யோன்னு கத்திக்கிட்டுப் பின்னாடியே ஓடுறேன், செருப்பு எங்க போச்சு தெரியல, சேலை முள்ளுல கிழியுது. அவன் ரெண்டு கையாலயும் கூடையைப் புடிச்சுக்கிட்டு, கழுத்து ஆடாம, பாறைக்குப் பாறை தாவுறான். எங்க வீட்டுக்காரரு மண்ணுப் பானையைச் சுமந்தாரே, அதைவிடப் பதனமாச் சுமக்குறான். எனக்குக் கண்ணுக்கு எட்டாத தூரம் போயிட்டான்.

நான் அடிவாரத்துக்குப் போயிச் சேர்றப்ப ஆஸ்பத்திரியில நர்சம்மா புள்ளைக்கு ஊசி போட்டு, மடியில நிமித்தி வச்சுக்கிட்டு இருக்கு. புள்ள அழுகுது. அந்த அழுகையைக் கேட்டு நான் தரையில உக்காந்துட்டேன். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா ஒண்ணும் பண்ண முடியாதுன்னு நர்சம்மா சொல்லுச்சு. அப்புறம் சொல்லுது, "நீங்கதான் அம்மாவா? அப்பாக்காரரு வெளிய நிக்கிறாரு, போயிச் சொல்லுங்க, அழுதுக்கிட்டு இருந்தாரு"ன்னு.

அப்பாக்காரரா? எந்த அப்பாக்காரரு? எட்டிப் பாக்குறேன், இவன் நிக்கிறான். யாரு புள்ளைன்னு கேட்டதுக்கு எம்புள்ளதான்னு சொல்லியிருக்கான் சார். என்ன தைரியம் பாருங்க. கட்டுன புருசன் கல்லு மாதிரி வீட்டுல இருக்கான், எவனோ ஒருத்தன் எம்புள்ளைக்குத் தகப்பன்னு ஊருக்கு நடுவுல சொல்றான். அதுல இருந்து அவனை எனக்குப் பாக்கவே ஆகாது. கடைசி வரைக்கும் எங்க வீட்டுக்காரருகிட்ட நான் இதைச் சொல்லல. போன ஆனியில அவரு போய்ச் சேந்தாரு. வயசாகி, நோவு நொடி இல்லாம, தூக்கத்துலயே. கெடுதல் ஒண்ணும் இல்ல. சொல்லிட்டேன்.

அதுக்கப்புறமா? புள்ளையைத் தூக்கிட்டு வேற பாதையில வந்து கூடையோட வீட்டுக்குள்ள நுழைஞ்சேன். புல்லறுத்துட்டு வந்தேன்னேன், புள்ள கறுப்புத் துணிக்குப் பின்னாடி தூங்குதுன்னே மாமா ஆளுக நெனச்சிருந்தாக. அவன் சுத்திக்கிட்டு வந்து புங்க மரத்தடியில உக்காந்தான், ஒண்ணும் நடக்காத மாதிரி. ஒவ்வொரு நாளும் இன்னிக்குச் சொல்லிருவான், இன்னிக்குச் சொல்லிருவான்னு செத்துச் செத்துப் பொழச்சேன். அவன் கேட்டதெல்லாம் அதே கேள்விதான். "புள்ள நல்லாருக்கா?" நான் கதவைச் சாத்திக்கிருவேன்.

பொங்கல் அன்னிக்கு ரெண்டு ஊரும் தலப்பாறையில கூடிப் பானை வச்சோம். பானை பொங்குச்சு. எரியுற சூடத்து மேல கை வச்சுச் சொல்லு, அந்த வீட்டுல கெடுதல் ஏதாவது பாத்தியான்னு சடையாண்டியைக் கேட்டாக. அவன் பொண்டாட்டி புள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு அவனையே பாத்துக்கிட்டு நிக்கிறா. அவன் அவளைப் பாத்தான். எம் மடியில இருந்த பவுனைப் பாத்தான். சூடத்துல கையை வச்சான். "ஒரு கெடுதலும் இல்ல"ன்னான்.

சொல்லிட்டு அப்படியே மண்ணுல உக்காந்து அழுதான். அவுக ஊருக்காரக காறித் துப்பிட்டுப் போனாக. பாத்தியாடி, ஊத்து போச்சேன்னு அழுகுறான்னு நான் பக்கத்துல இருந்தவகிட்டச் சொல்லிச் சிரிச்சேன். கல்லு நட்டாக. மூங்கிலோடையில தண்ணி இல்லாம ஒவ்வொரு குடும்பமா எறங்கிப் போச்சு. இப்ப அங்க நாலு வீடு இருந்தா அதிகம்.

இப்பப் புரியுதா சார்? அதான் சொல்றேன், அந்தக் கல்லைத் தொடாதீக. உங்க மிஷினு கல்லு தப்பான எடத்துல நிக்குதுன்னு சொல்லிருச்சுன்னா? கெடு முடிஞ்சு போச்சு, எனக்குத் தெரியும். ஆனா மறுபடி ஒரு புள்ள தொட்டிலுக்கு வரப் போகுதே. அவரு நடந்தது சரியான வழின்னா நான் எதுக்குப் பயப்படணும்னு கேக்குறீக.

அவரு வலது கால் திரும்புச்சு சார். ரெட்டைக் கல்லுக்கிட்ட. நேரா போகணும். நேரா போனா ஊத்து மேக்க விழுந்து அவுகளுக்குப் போயிருக்கும். கால் மேக்க திரும்புச்சு. எல்லாரும் பானையைப் பாத்தாக, நான் காலைப் பாத்தேன். பின்னாடி வந்த அவனும் பாத்தான். அவ்வளவுதான், மூணே பேரு. இப்ப நீங்களும்.

என்ன சொன்னீக? மறுபடி சொல்லுங்க. உங்க மிஷினு கல்லு இருக்கிற எடத்தைத்தான் அளக்குமா? அவரு எப்படி நடந்தாரு, எங்க நடந்திருக்கணும்னு அதுக்குத் தெரியாதா? கல்லு நிக்கிறதுதான் எல்லையா? அம்புட்டுத்தானா?

இதுக்கா சார் நான் தண்ணி வாங்கிக் குடிச்சேன்?

அப்ப உங்களை விட்டா அது தெரிஞ்ச ஆளு உசுரோட ரெண்டே பேருதான். நானும் அவனும்.

அவனும் பயந்திருப்பான்னா சொல்றீக? அவனுக்கு என்ன சார் பயம்? பொய்யா நடந்தது எங்க வீட்டுக்காரரு. கெடுதல் வந்தா எங்க வீட்டுக்கு. அவனுக்கு என்ன? கெடுதல் வந்தா பானை அவன் தலைக்குத்தான் போகும், அவன்தான் அடுத்து நடந்திருக்கணும், அவன் வீட்டுலயும் தொட்டில்...

கொஞ்சம் இருங்க சார்.

மாட்டை அடிச்சான். தின்னுச்சா தின்னுச்சான்னு கேட்டான். கூடையைத் தலையில வச்சுக்கிட்டு அந்த ஓட்டம் ஓடுனான். வாசல் தாண்டுன நோவுப் புள்ள தவசி புள்ளைன்னு யாருக்கும் தெரியக் கூடாதுன்னு எம்புள்ளைன்னான். எம்புள்ள செத்திருந்தா அவன் புள்ளையைப் பணயம் வச்சுல்ல அவன் நடந்திருக்கணும்? அந்தப் புங்க மரத்தடியில உக்காந்து அத்தனை நாளும் எம்புள்ளையைக் காத்தது அவன் புள்ளைக்காகவா?

அதுவும் முழுசா சரியில்ல சார். பொங்கல் அன்னிக்கு அவன் பவுனை ஒரு பார்வை பாத்தான்ல. அது தன் புள்ளைக்காக மட்டும் பாக்குற பார்வை இல்ல.

சூடத்துல கை வச்சுப் பொய்ச் சத்தியம் பண்ணிட்டான். அந்தச் சத்தியத்துக்குக் கெடு வைக்கல யாரும். கெடு இல்லைன்னா அது எப்ப முடியும்? முடியவே முடியாதுல்ல?

உங்களுக்கு ஒண்ணு சொல்லல. சடையாண்டி இன்னும் இருக்காரு. பொண்டாட்டி செத்துப் போச்சு, மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். இவரு மட்டும் மூங்கிலோடையை விட்டுப் போகல. நம்ம இறங்கப் போற விலக்குல, நெழக்கொடையில, ஆடுகளை மேய விட்டுட்டு உக்காந்திருப்பாரு. பவுனைக் கட்டிக் குடுத்து டவுனுக்கு அனுப்புன நாள்ல இருந்து, நான் அவளைப் பாத்துட்டு வந்து எறங்குறப்பெல்லாம் கிட்ட வருவாரு. வந்து அதே கேள்விதான் கேப்பாரு. "புள்ள நல்லாருக்கா?" நான் முந்தானையை உதறிக்கிட்டுப் போயிருவேன். ஒரு தடவை கூடப் பதில் சொன்னதில்ல. ஏன்னா எனக்கு அது சாவுக்குக் காத்திருக்கிறவன் கேக்குற கேள்வி.

பதில் கிடைக்காம ஒரு மனுசன் என்ன நெனச்சிருப்பாரு? தான் பண்ணுன பொய்ச் சத்தியம் பவுனைத் தேடிப் போயிருச்சோன்னு நெனச்சிருப்பாரா? ஒவ்வொரு தடவையும் நான் போறதைப் பாத்துக்கிட்டு நின்னு, வீட்டுக்குப் போயி, அடுத்த தடவை வரைக்கும் அந்தப் பயத்தோடயே படுத்து எந்திரிச்சிருப்பாரா? நான் பட்டது ஒரு மழைக்காலம் சார். ஆடியில இருந்து தை வரைக்கும். அவரு இன்னும் பட்டுக்கிட்டே இருக்காரே.

நல்லாருக்கான்னு ஒரு வார்த்தை. அதுக்கு மேல என்ன கேட்டாரு?

விலக்கு வந்துருச்சு. விசில் அடிங்க சார், டிரைவரு பாட்டுக்குப் போயிருவான். அந்தா பாருங்க, நெழக்கொடையில தலைப்பாக் கட்டிக்கிட்டு ஒருத்தர் எந்திரிக்கிறாருல்ல? அவருதான். பஸ்ஸைப் பாத்ததும் எந்திரிப்பாரு.

இந்தப் பையைக் கொஞ்சம் புடிங்க. என்ன சொல்லிக் கூப்பிடுறதுன்னு தெரியல சார், இத்தனை காலமா அவரை நான் ஒரு மொறை வச்சுக் கூப்பிட்டதில்ல. எம்புள்ளைக்குத் தகப்பன்னு சொன்ன மனுசனை அண்ணேன்னு கூப்பிட்டா நல்லாருக்குமா?

கூப்பிடுறேன். நீங்க பின்னாடியே எறங்குங்க, நான் முன்னாடி போறேன். அவரு கேக்குறதுக்கு முந்தி நான் சொல்லிரணும்.